சுண்ணாம்புப் பூச்சுள்ள அரசுக் கட்டடத்துக்கு இரவு விளக்கு அமைப்பு: ஆலோசனை தேவை

வணக்கம். நூற்றாண்டைக் கடந்த ஓர் அரசு அலுவலகக் கட்டடத்தின் முகப்புக்கு இரவு விளக்கு வடிவமைக்கும் பணியில் இருக்கிறேன். சென்னையில் 1913இல் திறக்கப்பட்ட ரிப்பன் மாளிகையைப் போலவே இதுவும் செங்கல் சுவரில் சுண்ணாம்புப் பூச்சுடன், வெண்மையாக, வரிசையான வளைவுகளோடு நீண்டு நிற்கும் கட்டடம்.

வெள்ளைச் சுவர் எந்த நிற ஒளியையும் அப்படியே எதிரொளிக்கும் என்பதால் விழா நாட்களில் மூவண்ணம் காட்டுவது எளிது. ஆனால் தொலைவிலிருந்து நேராகப் பாய்ச்சும் ஒளியில் வளைவுகளின் ஆழமும் கொடுங்கையின் (சுவரிலிருந்து வெளியே நீண்டிருக்கும் விளிம்பு) நிழலும் மறைந்து, முகப்பு வரைந்த படம்போல் தட்டையாகிவிடுகிறது. சுவரை ஒட்டி அடியிலிருந்து மேல்நோக்கி ஒளியை வருடவிட்டால் புடைப்புகள் எழுந்து நிற்கின்றன. கூடவே பழைய பூச்சின் ஒவ்வொரு ஒட்டுவேலையும் பல்லிளிக்கிறது. சுவரிலிருந்து ஏறத்தாழ ஓர் அடி தள்ளி வைத்த சோதனை விளக்கிலேயே இது தெரிந்துவிட்டது. 3000 கெல்வின் ஒளியே (இளமஞ்சள் சாயலுள்ள வெள்ளை) பொருந்தும் என்பது என் எண்ணம். அலுவலர்கள் பளிச்சென்ற வெள்ளையைக் கேட்கிறார்கள் (எங்கும் நடப்பதுதான்).

பூச்சில் துளையிடாமல் கொடுங்கையின் மேல் விளக்குகளை நிறுத்தி, மின்கம்பிகளை மழைநீர் படாதவாறு கொண்டுசென்ற அனுபவம் உள்ளவர்கள், எத்தகைய பிடிமானத்தைப் பயன்படுத்தினீர்கள், தாழ்வாரத்தில் நடப்பவர்களின் கண் கூசாமல் விளக்கை எப்படி மறைத்தீர்கள் என்பதைத் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். பணி முடிந்தபின் எடுத்த இரவுப் படங்கள் இருந்தால் அவற்றையும் இணைக்க வேண்டுகிறேன்.