பதிவிட ஏற்ற நேரம் எது? சோதித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கைவினைப் பொருள்கள் பற்றி இன்ஸ்டாகிராமிலும் யூடியூபிலும் பதிவிட்டு வருகிறேன். எந்த நேரத்தில் போட்டால் அதிகம் பேர் பார்த்துக் கருத்துச் சொல்வார்கள் என்பதில்தான் குழப்பம்.

இன்ஸ்டாகிராம் 2016-இலேயே நேர வரிசையைக் கைவிட்டு, அவரவர் விருப்பத்தைக் கணித்துப் பதிவுகளைக் காட்டத் தொடங்கிவிட்டது. யூடியூபோ, வெளியிடும் நேரம் காணொளியின் நீண்டகால வரவேற்பை நேரடியாகப் பாதிப்பதாகத் தெரியவில்லை என்கிறது. அப்படியானால் நேரம் பார்ப்பதில் பொருள் உண்டா?

என்னைப் பின்தொடர்பவர்கள் இரவு ஒன்பது மணியளவில் அதிகம் உலவுவதாக இன்ஸ்டாகிராமில் கணக்கின் புள்ளிவிவரங்களைத் தரும் இன்சைட்ஸ் பகுதி காட்டுகிறது. எல்லோரும் பதிவிடுவதும் அப்போதுதானே! அந்தச் சந்தை இரைச்சலில் என் குரல் எடுபடுமா, அல்லது சற்று முன்னதாகவே போட்டுவிடுவது மேலா? சிலர் வேறு நேர மண்டலங்களில் இருக்கிறார்கள். யாருடைய கடிகாரத்தைப் பார்ப்பது?

‘செவ்வாய் காலை பத்து மணி’ என்பது போன்ற பொதுப் பட்டியல்கள் வேண்டாம், அவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரே வகைப் பதிவை வெவ்வேறு நேரங்களில் போட்டு ஒப்பிட்டவர்கள் இருந்தால், எத்தனை வாரம் கவனித்தீர்கள், விருப்பக்குறிகளை மட்டும் எண்ணினீர்களா, பகிர்வையும் சேமிப்பையும் சேர்த்தீர்களா என்று எழுதுங்கள்.