மறு: 'ரெஸ்டோரர் லைன்' – சூரியகாந்தி வீரிய ஒட்டு விதைக்கான சொல்

நண்பர்களே,

ரெஸ்டோரர் லைன் என்பது, மகரந்தம் இல்லாத தாய்ச்செடியோடு கலந்து, பிறக்கும் ஒட்டுச் செடியில் மகரந்தத்தை மீட்டுத் தரும் ஆண் பெற்றோர். அதற்குத் தமிழில் 'வளமீட்பு வரிசை' என்று சொல்லலாம் என ஒரு யோசனை வந்தது. அது வேண்டாம் என்பது என் கருத்து. வளமீட்பு என்றதும் உழவர் மண்வளத்தைத்தான் நினைப்பார். வரிசையோ விதைப்பண்ணையில் ஏற்கெனவே புழங்கும் சொல்: பெண் வரிசை, ஆண் வரிசை என்றுதான் விதைக்கிறோம்.

அந்தச் செடியின் வேலையைப் பார்த்துப் பெயர் வைப்போம். 1969இல் பிரான்சில் லெக்லெர்க் என்ற ஆய்வாளர், ஹீலியாந்தஸ் பெட்டியோலாரிஸ் என்ற காட்டினத்தோடு பயிர்ச் சூரியகாந்தியைக் கலந்து, மகரந்தம் உண்டாகாத செடிகளைப் பெற்றார். இந்த மலடு தாய்வழியாக, சைட்டோபிளாசம் (செல்லில் உட்கருவுக்கு வெளியே உள்ள பகுதி) மூலம் இறங்குவது. இதைத் தாயாக வைத்தால் பூப்பூவாக மகரந்தப்பை நீக்கும் வேலை மிச்சம். ஆனால் பிறக்கும் விதையும் மலடாகவே இருந்தால் உழவர் வயலில் மகரந்தமே இருக்காது. பக்கத்து வயலிலிருந்து தேனீ கொண்டுவந்தால்தான் மணி. இல்லையேல் கொண்டை முழுக்கப் பொக்கு. வெங்காயத்தில் இது கவலையில்லை, விளைச்சல் மண்ணுக்குள் இருக்கிறது. சூரியகாந்தியில் மணிதான் மகசூல், எண்ணெய் அதன் பருப்பில். 1970இல் அமெரிக்காவில் கின்மன் என்ற ஆய்வாளர் மகரந்தத்தைத் திரும்பத் தரும் மரபணுவை அடையாளம் கண்டதால்தான் வீரிய ஒட்டு உழவர் கைக்கு வந்தது. நம் நாட்டின் முதல் சூரியகாந்தி ஒட்டு, பெங்களூருவின் பி.எஸ்.எச்-1, 1980இல்.

ஆகவே என் பரிந்துரை: மகரந்தமீட்பி. 'தாதுமீட்பி' சிறியதுதான், ஆனால் தாது கனிமத்தையும் குறிக்கும். உரக் குறிப்புக்குப் பக்கத்தில் வந்தால் குழப்பம்.

'ஆண் பெற்றோர் போதாதா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். போதாது. எந்தக் கலப்பிலும் ஆண் பெற்றோர் உண்டு; மீட்கும் மரபணு எல்லாவற்றிலும் இல்லை. அப்புறம், எண்ணெயில் ஒலீயிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் மிகுந்த ஒட்டு நிலையாக வேண்டுமென்றால் அந்தப் பண்பைத் தாய், தந்தை இரண்டிலும் ஏற்றுவார்கள். அங்கே 'உயர் ஒலீயிக் மகரந்தமீட்பி' என்று எழுதினால் எது எங்கிருந்து வருகிறது என்பது தெளிவு. விதைப்பண்ணையில் பார்த்தவர்களுக்குத் தெரியும், மகரந்தமீட்பி பெரும்பாலும் கிளைத்துச் சிறுசிறு கொண்டைகள் விடும். அதனால் மகரந்தம் நீண்ட நாள் கிடைக்கும். கிளைப்புப் பண்பு ஒடுங்குவதால் ஒட்டுச் செடியில் ஒற்றைக் கொண்டைதான்.

இதே முறையில், மகரந்தம் இல்லாத தாயான ஏ லைன் 'மகரந்தமிலி' ஆகலாம். அந்த மலட்டுத் தாயை மலடாகவே பெருக்க மகரந்தம் தரும் பி லைனுக்குப் 'பேணி' என்றால் இலங்கை நண்பர்களுக்குத் தகரக் குவளை. 'மலடுபேணி' என்று சேர்த்தே எழுதலாமா? சொல்லுங்கள்.