காப்பீட்டுக்குச் செலவிடும் பணத்தை மருந்துக்குத் திருப்பினால் மிச்சமாகுமா?

கேள்வி: திண்டுக்கல் வாசகர்

2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவரும் ஏற்பாட்டில், அரசு செலுத்தும் பிரீமியத்தில் கணிசமான பங்கு தனியார் மருத்துவமனைகளுக்கே போய்ச் சேர்கிறது. அந்தப் பணத்தை அரசு மருத்துவமனைகளின் மருந்துக்கும் பணியாளர்களுக்கும் செலவிட்டால் உண்மையிலேயே மிச்சமாகுமா? உள்ளிருந்து பார்த்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

காப்பீட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது குறைவு. மருந்தைப் பற்றிச் சொல்ல முடியும். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும், 1995இல் விநியோகத்தைத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒன்றாகத் திரட்டி, வணிகப் பெயரைத் தவிர்த்து மருந்தின் மூலப்பெயரில் (ஜெனரிக்) ஒப்பந்தப்புள்ளி கோருவதால்தான் விலை இறங்குகிறது. வந்த சரக்கின் மாதிரிகள், தயாரித்தவர் யாரென்று தெரியாதபடி குறியீட்டு எண்ணுடன் ஆய்வகத்துக்குப் போகும். மாத்திரை அட்டையில் விற்பனைக்கு அல்ல என்று அச்சிடுவது சிறிய காரியம்தான், ஆனால் வெளிக்கடைக்குக் கடத்துவதை அது பெருமளவு தடுத்தது.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. ஆண்டு ஒதுக்கீடு அதில் வரவாகும். மாவட்டக் கிடங்கில் எடுக்கும் மருந்தின் விலை பற்றாகும். ஒருமுறை எங்கள் மருத்துவ அலுவலர் விலை கூடிய ஆன்டிபயாடிக் ஒன்றை நிறைய எழுதியிருந்தார். பாஸ்புக்கைத் திறந்து இருப்பைக் காட்டினேன். அவரே பேனாவை எடுத்துப் பாதியாகக் குறைத்துவிட்டு, மீதிக்குச் சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எடுத்துவரச் சொன்னார். எதற்கு முதலில் செலவிடுவது என்பது, எங்கள் மேசையில் அப்படித்தான் முடிவாகும்.

மறுமொழி: டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர்

காப்பீட்டை அடியோடு குறைத்துவிட முடியாது. அரசு மருத்துவமனையில் செய்யும் சிகிச்சைக்கும் அதே திட்டத்திலிருந்து தொகை வருகிறது. எங்கள் பிரிவின் தேவைகள் சில அதில்தான் நிறைவேறுகின்றன. ஆனால் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை டயாலிசிஸ் இயந்திரத்தில் படுப்பவர்களில் பலர், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் பல ஆண்டுகள் ஒழுங்காக மாத்திரை எடுக்காதவர்கள். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகிறது. நிதி நெருக்கடி வந்தால் கடைசியாகத்தான் அதில் கைவைக்க வேண்டும் என்பேன்.

மறுமொழி: திண்டுக்கல் வாசகர்

இருவருக்கும் நன்றி. மருந்தாளுநர் ஐயாவிடம் இன்னொன்று: ஆண்டு முடிவதற்குள் பாஸ்புக் தொகை தீர்ந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? சென்ற மாசி மாதம் என் தாயாருக்கு ஒரு மருந்தை வெளியில்தான் வாங்க நேர்ந்தது.

மறுமொழி: ஓய்வுபெற்ற மருந்தாளுநர்

கூடுதல் ஒதுக்கீடு கேட்டு எழுதுவோம். அது வரும்வரை, தேங்கிக் கிடக்கும் மருந்தைப் பக்கத்து நிலையத்திலிருந்து மாற்றிக்கொள்வோம். அதுவும் இல்லாத நாளில், தங்கள் தாயாருக்கு நேர்ந்ததுதான்.