புதுப்பிப்பு: மாரிக்கு விறகு காயவைத்த கதை

கிளிநொச்சியில் விறகுகாலை (விறகு விற்கும் இடம்) நடத்துகிறேன், மாரியில் விறகு நனையாமல் எப்படி வைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். படங்கால் (தார்ப்பாயால்) முழுதாக மூடாதே, காற்றோட விடு என்று பலர் சொன்னீர்கள். அதுதான் சரி.

சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும்போதே கொத்தி, சீமெந்துக் கல்லின் மேல் நிலம் படாமல் அடுக்கினோம். மேலே மட்டும் தகரம், பக்கமெல்லாம் திறப்பு. கறையானும் ஏறவில்லை. பச்சை விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வந்தால்தான் நன்றாக எரியும். தண்ணீர் வெட்டுமுகத்தால்தான் வேகமாக வெளியேறும், அதனால் குட்டையாக அறுத்ததே முதலில் காய்ந்தது. சீமைக்கிளுவை மரத்து விறகு தயார். ஐப்பசி மழையிலும் புகையவில்லை என்று பேக்கரிக்காரர் சொன்னபோது அவ்வளவு சந்தோசம்!

புளியங்கட்டை இன்னும் கனக்கிறது. காயவைத்தவர்கள் எவ்வளவு காலம் விட்டீர்கள் என்று சொல்லுங்கள்.