தேர்வில் தெரிவாகாதவரின் முறைப்பாட்டை "சவர் கிரேப்ஸ்" என்று ஒதுக்கலாமா?

கேள்வி: கோட்டை அலுவலர்

வணக்கம். கொழும்புக் கோட்டையிலுள்ள அரச கூட்டுத்தாபனம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளராகப் பணிபுரிகின்றேன். அண்மையில் நிருவாக உத்தியோகத்தர் பதவிக்கான உள்ளக நேர்முகப் பரீட்சைக்குத் தோற்றினேன், தெரிவாகவில்லை. தெரிவானவர் தகுதியுள்ளவர், என் தோழியும்கூட. அவர்மீது எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. ஆனால் சேவை மூப்புக்கு எத்தனை புள்ளிகள், கல்வித் தகைமைக்கு எத்தனை புள்ளிகள் என்பதை விண்ணப்பதாரிகளுக்கு அறிவிக்காமலேயே பரீட்சை நடத்தப்பட்டது. அந்தப் புள்ளித் திட்டத்தை அறியத்தருமாறு பரீட்சைக்கு முன்னரே எழுத்தில் கேட்டிருந்தேன், பதில் வரவில்லை. முடிவு வெளியான பின் அதே விடயத்தை ஆங்கிலத்தில் மீண்டும் எழுதிக் கொடுத்தபோது, பிரிவுத் தலைவர் கடிதத்தின் ஓரத்தில் "சவர் கிரேப்ஸ்" (புளித்த திராட்சை) என்று மட்டும் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

கடிதத்தில் நான்கு பந்திகள். முதல் மூன்றும் புள்ளித் திட்டம் பற்றியவை. கடைசிப் பந்தியில், "எவ்வாறாயினும் இப்பதவிக்கு முன்னைய அதிகாரங்கள் இப்போது இல்லையாதலால் எனக்கு இதில் பெரிய நட்டம் ஒன்றுமில்லை" என்ற பொருளில் ஒரு வசனம் உண்டு. அவர் அந்த மரபுத்தொடரைப் பயன்படுத்தியது சரிதானா? மேன்முறையீடு எழுதும்போது அதுவும் இவ்வாறே ஒதுக்கப்படாதிருக்க எப்படி எழுத வேண்டும்?

மறுமொழி: ஆங்கில ஆசிரியர், வெள்ளவத்தை

சகோதரிக்கு வணக்கம். இத்தொடர் ஈசாப்பின் நரிக் கதையிலிருந்து வந்தது என்பதை அனைவரும் அறிவர். "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்று நாமும் அன்றாடம் சொல்கின்றோம். ஆனால் கதையை ஒருமுறை நிதானமாக நினைத்துப் பாருங்கள். முதலாம் நூற்றாண்டில் ஃபீட்ரஸ் லத்தீனில் எழுதிய வடிவத்தில், நரி தன் பலம் முழுவதையும் கூட்டித் தாவுகின்றது, எட்டவில்லை, "இன்னும் பழுக்கவில்லை, புளித்ததை உண்ண எனக்கு விருப்பமில்லை" என்று கூறிப் போய்விடுகின்றது. அங்கே தோட்டக்காரன் இல்லை, பழத்தைப் பங்கிடுபவர் இல்லை, விதிமுறை எதுவும் இல்லை. நரி எவரைப் பற்றியும் முறையிடவில்லை. கிடைக்காத பொருளின் மதிப்பைக் குறைப்பது மட்டுமே அது செய்யும் செயல்.

ஆகவே, "பதவி மதிப்பற்றது" என்று ஒருவர் சொன்னால் இத்தொடர் பொருந்தும். "பதவி மதிப்புள்ளது, அதனால்தான் அதனை வழங்கும் முறை ஒளிவுமறைவின்றி இருக்க வேண்டும்" என்று சொல்பவருக்கு இது பொருந்தாது. அவர் நரிக்கு நேர் எதிரான நிலையில் நிற்கின்றார். உங்கள் முதல் மூன்று பந்திகளும் இந்த வகை. கடைசி வசனம் மட்டும், மன்னிக்க வேண்டும், நரி சொன்னதேதான். உங்கள் பிரிவுத் தலைவர் அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று பந்திகளுக்கும் பதிலளிக்காமல் தப்பிக்கொண்டார். மேன்முறையீட்டில் அந்த வசனம் இருக்கவே கூடாது. அதற்குப் பதிலாக, "இப்பதவியின் பொறுப்புகளை நான் மதிப்பதாலேயே இதனை எழுதுகின்றேன்" என்று தொடங்குங்கள்.

பயன்பாட்டைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும், ஏனெனில் கொழும்பு அலுவலகக் கடிதங்களில் இதனைப் பிழையாக எழுதுவதை அடிக்கடி காண்கின்றேன். இந்தப் பொருளில் அது எப்போதும் பன்மையிலேயே வரும். முன்னால் ஒருமையைக் குறிக்கும் ஆங்கில "அ" (a) வராது. "இட் இஸ் சவர் கிரேப்ஸ்" என்பதே சரி. "அ சவர் கிரேப்" என்று எழுதினால் உண்மையாகவே ஒரு புளித்த பழத்தைத்தான் குறிக்கும். வேதாகமத்தில், தந்தையர் புளித்த திராட்சையைத் தின்னப் பிள்ளைகளின் பற்கள் கூசின என்று எரேமியாவிலும் எசேக்கியேலிலும் வரும் பழமொழிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அது முன்னோரின் குற்றத்துக்குப் பின்னோர் தண்டனை பெறுவதைப் பற்றியது.

மறுமொழி: வாசகர், தெகிவளை

ஆசிரியர் கூறியதில் ஓரளவு மாறுபடுகின்றேன். இன்றைய ஆங்கிலத்தில், தோற்றவர் மனக்கசப்பில் கூறும் நியாயமற்ற குறை எதனையும் இத்தொடரால் குறிக்கின்றார்கள். அகராதிகளும் அதனை ஏற்றுள்ளன. எனவே பிரிவுத் தலைவரின் ஆங்கிலத்தில் பிழை காண முயன்றால் அந்த விவாதத்தில் நீங்கள் வெல்ல முடியாது. அவர் மனத்தில் இருந்தது உண்மையில் நம்முடைய வேறொரு பழமொழி: ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறைக்கு இடத்தின்மீது பழி போடுகின்றார் என்பதே அவருடைய குற்றச்சாட்டு.

அதற்கு உங்களிடம் மறுக்க முடியாத விடை இருக்கின்றது. ஆடுவதற்கு முன்னரே கூடம் கோணல் என்று எழுத்தில் சொன்னவர் நீங்கள். கிடைக்காததைப் பற்றிய நம் எண்ணம் நாம் அறியாமலேயே மாறிவிடுகின்றது. இந்த வகை மனமாற்றத்தை லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1957இல் அறிவுசார் முரண்பாட்டுக் கோட்பாடாக விளக்கினார். அதனால் ஒருவர் முடிவுக்குப் பின் சொல்வதை மட்டும் வைத்து அவருடைய நேர்மையை அளவிட முடியாது; முடிவுக்கு முன்னும் அதையே சொன்னாரா என்று பார்க்க வேண்டும். முதற் கடிதத்தின் திகதியை மேன்முறையீட்டின் முதல் வரியிலேயே குறிப்பிட்டு, அதன் பிரதியையும் இணையுங்கள்.

கோட்டை அலுவலர்

இருவருக்கும் மிக்க நன்றி. முதற் கடிதத்தை அலுவலகம் ஏற்றுக்கொண்டமைக்கான முத்திரையிட்ட பிரதி என்னிடம் இருக்கின்றது. தோழியின் நியமனத்துக்கு இதனால் இடையூறு வந்துவிடுமோ என்பதே இப்போது என் கவலை.

மறுமொழி: ஓய்வுபெற்ற அரச ஊழியர், கொட்டாஞ்சேனை

மகளே, அந்தக் கவலை நியாயமானது. அதற்கேற்ப உங்கள் கோரிக்கையை அமைத்துக்கொள்ளலாம். நியமனத்தை இரத்துச் செய்யுமாறு கேட்காதீர்கள். புள்ளித் திட்டத்தையும் உங்களுக்கு வழங்கப்பட்ட புள்ளிகளையும் மட்டும் கேளுங்கள். தெரிவானவரின் பெயரைக் கடிதத்தில் எங்கும் எழுதாதீர்கள். "அநீதி", "பாரபட்சம்" போன்ற சொற்களையும் இப்போது தவிர்த்துவிடுங்கள். அவற்றை எழுதினால் கடிதத்தைப் படிப்பவரின் கவனம் கேள்வியை விட்டு உங்கள் மனநிலைக்குப் போய்விடும்.

நீங்கள் பணிபுரிவது அரச கூட்டுத்தாபனம் என்பதால், மேன்முறையீட்டுக்குப் பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் நிறுவனத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பிக்கலாம். தகவல் எதற்கு வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. ஆகவே கசப்பில் கேட்கின்றீர்களா என்ற வினாவுக்கே அங்கு இடமில்லை. தமிழிலேயே எழுதலாம். தகவலை வழங்குவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அதன் பின்னர் தகவலுக்கான உரிமை ஆணைக்குழு இருக்கின்றது. விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டமைக்கான பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்காமல் அங்கிருந்து வந்துவிடாதீர்கள்.