மின்கட்டணம் பூஜ்யமானால் வீடு கார்பன் சமநிலை ஆகிவிடுமா?

கேள்வி (பாளையங்கோட்டை)

கே.டி.சி. நகர்ப் பக்கம் 1,200 சதுர அடியில் தரைத்தள வீடு ஒன்று கட்டவிருக்கிறோம். மாடியில் சோலார் தகடுகள் பொருத்தினால் மின்கட்டணம் ஏறக்குறைய இல்லாமல் போகும், அதுவே கார்பன் சமநிலை வீடு (வெளியிடும் கரியமில வாயு முழுவதையும் ஈடுகட்டிவிடும் வீடு), ஆகவே சுவருக்கும் கூரைக்கும் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம் என்கிறார் எங்கள் பொறியாளர். கட்டடத்தின் ஆற்றல் திறனை உண்மையில் எதைக் கொண்டு அளப்பது?

மறுமொழி 1

அண்ணாச்சி, வீடு எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பது ஒரு கணக்கு. அதில் எவ்வளவை மாடி ஈடுகட்டுகிறது என்பது வேறு கணக்கு. திறனை அளக்க முதல் கணக்குதான் வேண்டும். ஓராண்டில் பயன்படுத்திய யூனிட்டுகளைத் தரைப்பரப்பின் சதுர மீட்டரால் வகுக்க வேண்டும். உங்கள் வீடு ஏறத்தாழ 111 சதுர மீட்டர். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 3,000, சதுர மீட்டருக்கு 27.

வாங்கிய மின்சாரத்திலிருந்து வெளியே அனுப்பியதைக் கழித்துக் காட்டும் நெட் மீட்டர் வந்த பிறகு ரசீதில் உள்ள எண்ணை இந்த வகுத்தலுக்குப் பயன்படுத்தக் கூடாது. சோலார் உற்பத்தி செய்த மொத்த யூனிட்டிலிருந்து வெளியே அனுப்பியதைக் கழித்து, வாரியத்திடம் வாங்கியதைக் கூட்டினால் கிடைப்பதே வீட்டின் பயன்பாடு. இதையும் பன்னிரண்டு மாதத்துக்குப் பார்க்க வேண்டும். சாரல் காற்று வீசும் ஆனி, ஆடியை மட்டும் பார்த்தால் எந்த வீடும் சிக்கனமாகத்தான் தெரியும். மேலும், இரவில் ஏசி ஓடும்போது உங்கள் தகடுகள் எதையும் தருவதில்லை. அப்போது வாரியத்திடம்தான் வாங்குகிறீர்கள், அந்த மின்சாரம் வரும் இந்திய மின்தொகுப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது.

மறுமொழி 2 (தென்காசி, கட்டட வடிவமைப்பு)

மேலே சொன்னது குடியேறிய பிறகு செய்யும் அளவீடு. வரைபட நிலையிலேயே அளக்க, 2018இல் வந்த ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற மத்திய அரசின் குடியிருப்பு விதித்தொகுப்பைப் பாருங்கள். 500 சதுர மீட்டருக்குக் குறைந்த மனைகளை அது கட்டுப்படுத்தாது என்றாலும், அதிலுள்ள கணக்கு எந்த வீட்டுக்கும் பொருந்தும். சுவர், ஜன்னல் வழியாக உள்ளே வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 15 வாட்டைத் தாண்டக் கூடாது. கூரையின் யு-மதிப்பு, அதாவது வெப்பத்தைக் கடத்தும் அளவு, 1.2க்குள் இருக்க வேண்டும். வெறும் கான்கிரீட் தளத்தின் யு-மதிப்பு 3க்கு மேல் இருக்கும். தரைத்தள வீட்டில் வெயில் முழுவதையும் வாங்குவது கூரைதான் என்பதால், பணம் அளவாக இருந்தால் முதலில் அதற்குக் கீழோ மேலோ வெப்பத்தடுப்பு போட்டு, மேலே வெள்ளைத் தட்டோடு பதியுங்கள். ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் மதிப்பு 2ஐ ஒட்டி இருக்கும். எட்டு அங்குல ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ்கள் நிறைந்த இலேசான கான்கிரீட் கல்) சுவர் 1க்குள் வந்துவிடும்.

நம் பக்கத்துக்கு ஒரு சிக்கல் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று வருவதும் மேற்கிலிருந்துதான், மூன்று மணி வெயில் அடிப்பதும் மேற்கிலிருந்துதான். மேற்கு ஜன்னலை அடைத்துவிட்டால் வெப்பக்கணக்கு அழகாக வரும், வீடு புழுங்கும். ஜன்னலை வைத்துக்கொண்டு, வெயில் கண்ணாடியில் படாதபடி வெளிப்புறத்தில் மரச்சட்டத் தடுப்பு கொடுப்பதே என் வழக்கம்.

மறுமொழி 3

சிமெண்டை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். சதுர அடிக்கு 0.4 மூட்டை என்ற வழக்கமான கணக்கில் 480 மூட்டை, அதாவது 24 டன். சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட் வாங்கினாலும் ஏறத்தாழ 15 டன் கரியமில வாயு அதில் அடங்கியிருக்கும். மேலே சொன்ன 3,000 யூனிட் பயன்பாட்டின்படி பார்த்தால் அது ஏழாண்டு மின்சாரத்துக்குச் சமம். சுண்ணாம்புக்கல் சுடும்போது கல்லிலிருந்தே வாயு வெளியேறுவதால், தாழையூத்து சிமெண்ட் ஆலை முழுக்கக் காற்றாலை மின்சாரத்தில் ஓடினாலும் அந்தப் பங்கு குறையாது. சமநிலை என்று சொல்வதானால் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. கூரையை மாற்றி வரையச் சொல்லிவிட்டேன். ஏசியின் பயன்பாட்டை மட்டும் தனியே பார்க்க வழி உண்டா?

மறுமொழி 1

உண்டு. ஏசி சர்க்யூட்டுகளைத் தனி லைனாக இழுத்து ஒரு சப்-மீட்டர் வைத்தால் போதும். வயரிங் முடிவதற்குள் டி.பி. பெட்டியில் (லைன்கள் பிரிந்து போகும் மின்பெட்டி) அதற்கு இடம் விடச் சொல்லுங்கள். பூச்சு முடிந்த பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.