டெடிகேட்டட் சர்வர் (நமக்கு மட்டும்னு ஒரு தனி மெஷின்) எடுக்கப் போறேன், 100 எம்பிபிஎஸ் போதுமா 1 ஜிபிபிஎஸ் வேணுமா?

திண்டுக்கல்_கோச்:
எல்லாருக்கும் வணக்கம். சின்னதா ஒரு டிஎன்பிஎஸ்சி கோச்சிங் சென்டர் நடத்துறேன், கூடவே ஒரு வேர்ட்பிரஸ் சைட், மாதிரி வினாத்தாள் விளக்க விடை எல்லாம் பிடிஎஃப்பா போட்டு ஃப்ரீயா டவுன்லோட் பண்ண விட்டிருக்கேன். சாதாரண நாள்ல ஆறாயிரம் பேர் வருவாங்க, ஒரு தொந்தரவும் இல்ல. போன குரூப் 4 முடிஞ்ச அன்னைக்கு சாயங்காலம் நாங்க போட்ட விடைகளை ஏத்தினோம், யாரோ ஒரு புண்ணியவான் அதைத் தூக்கி பெரிய டெலிகிராம் சேனல்ல தட்டிவிட்டுட்டான், ரெண்டு மணி நேரத்துல நாப்பதாயிரம் வியூ, சைட் குப்புறப் படுத்துருச்சு. பசங்க போன் மேல போன், "சார் 508னு என்னமோ வருது சார்"னு. ஹோஸ்டிங்காரங்ககிட்ட சாட்ல கேட்டா "உங்க சைட் வளந்துருச்சு, டெடிகேட்டட் எடுத்துக்கோங்க"ன்னு ஒரே பாட்டு. அன்லிமிடெட் பேண்ட்வித்னு சொல்லித்தான் வித்தாங்க, அது வேற கதை.

இப்ப கையில ரெண்டு கொட்டேஷன். ஒண்ணு 100 எம்பிபிஎஸ் அன்மீட்டர்டு (எவ்வளவு டேட்டா போனாலும் கணக்கு இல்ல), மாசம் எட்டாயிரத்துச் சொச்சம். இன்னொண்ணு 1 ஜிபிபிஎஸ் போர்ட் (சர்வரோட லைன் வேகம்) ஆனா மாசம் 10 டிபி லிமிட், பதினோராயிரம், ரெண்டுக்கும் ஜிஎஸ்டி தனி. பிடிஎஃப் ஒவ்வொண்ணும் சுமார் 12 எம்பி. எது எடுக்கலாம்?

நைட்ஷிஃப்ட்_அட்மின்:
சார் முதல்ல பிட் பைட் குழப்பத்தை விடுங்க. லைன்ல சொல்றது மெகாபிட், ஃபைல் அளவு மெகாபைட், எட்டால வகுக்கணும். 100 எம்பிபிஎஸ்னா செகண்டுக்கு 12.5 எம்பி. முப்பது நாளும் முழுசா ஓடினா 32 டிபி போகும், உங்க ஆறாயிரம் பேருக்கு ஆளுக்கு ஒரு ஃபைல்னு வச்சா மாசம் 2 டிபி சொச்சம்தான். அப்போ தாராளமா போதும்னு தோணும். அங்கதான் எல்லாரும் ஏமாறுவாங்க.

அந்த ஒரு சாயங்காலத்தைப் பாருங்க. 40,000 பேர் × 12 எம்பி = 480 ஜிபி, ரெண்டு மணி நேரத்துல. 100 எம்பிபிஎஸ் லைன் ரெண்டு மணி நேரத்துல 90 ஜிபிதான் தள்ளும், மீதி பேர் வட்டம் சுத்துறதைப் பாத்துட்டு உக்காந்திருப்பாங்க. சராசரியே 533 எம்பிபிஎஸ் கேக்குது, முதல் கால் மணி நேரம் இதை விட மோசமா இருக்கும். மாசக் கணக்கு பில்லுக்கு, பீக் கணக்கு போர்ட்டுக்கு. இந்த ரெண்டுல 1 ஜிபிபிஎஸ்தான். போர்ட் டெடிகேட்டடா (உங்களுக்கு மட்டுமா) ஷேர்டான்னும் (பலருக்குப் பொதுவா) எழுத்துல கேட்டு வாங்கிக்கோங்க.

95 பெர்சன்டைல் பில்லிங்னு ஒண்ணு சில இடத்துல உண்டு, அதையும் விசாரிங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அளப்பாங்க, மாசத்துல ரொம்ப உயரமான 5 சதவீத அளவை விட்டுடுவாங்க, அது கிட்டத்தட்ட 36 மணி நேரம். உங்க ரெண்டு மணி நேரக் கூட்டம் பில்லுலயே ஏறாது.

பழைய_மோடம்:
எதுக்கு பதினோராயிரம், ஜெர்மனில ஹெட்ஸ்னர்ங்கிற ஹோஸ்டிங் கம்பெனில எடுங்க பாஸ். டெடிகேட்டடுக்கு 1 ஜிபிபிஎஸ் போர்ட், டிராஃபிக் கணக்கே கிடையாது. ஆனா ரெண்டு விஷயம். இங்கருந்து ஐரோப்பாவுக்கு பிங், அதாவது சிக்னல் போய்த் திரும்புற நேரம், 150 மில்லிசெகண்டுக்கு மேல போகும், பிடிஎஃப்புக்கு அது பெருசா தெரியாது, வேர்ட்பிரஸ் அட்மின்ல வேலை செய்யும்போது கடுப்பாகும். அப்புறம் 2021 அக்டோபர்ல ரிசர்வ் பேங்க் ஆட்டோ டெபிட் விதியை மாத்தினதுல இருந்து வெளிநாட்டு பில் பல தடவை கார்டுல தானா போகாது, நாமளே தேதி பாத்து கட்டணும். நான் ஒரு தடவை ஊர்த் திருவிழால மறந்துட்டு, சர்வரை லாக் பண்ணிட்டாங்க.

கமாண்ட்லைன்_அக்கா:
எல்லாரும் சர்வர் விக்கிறதுலயே குறியா இருக்கீங்க, அவர் சொன்ன 508ஐ ஒருத்தரும் கவனிக்கல 😄

கோச் தம்பி, 508 ரிசோர்ஸ் லிமிட் ரீச்டுங்கிறது ஷேர்டு ஹோஸ்டிங்ல (ஒரே மெஷின்ல பல பேர் சைட்) கிளவுட்லினக்ஸ்ங்கிற சர்வர் சாஃப்ட்வேர் காட்டுறது. அது பேண்ட்வித் தீந்துபோனதுக்கு வராது. பெரும்பாலும் என்ட்ரி ப்ராசஸ் லிமிட், அதாவது ஒரே நேரத்துல எத்தனை பிஎச்பி (வேர்ட்பிரஸ் பக்கத்தைத் தயார் பண்ற ப்ரோக்ராம்) ஓடலாம்கிற கணக்கு, பல பிளான்ல 20தான். சும்மா பிடிஎஃப்பை நேரா குடுத்தா பிஎச்பிக்கு அங்க வேலையே இல்ல. டவுன்லோட் எண்ணிக்கை காட்டுற ப்ளக்இன் (வேர்ட்பிரஸ்ல கூடுதலா சேர்க்கிற ப்ரோக்ராம்) ஏதாவது போட்டிருக்கீங்களா? சில ப்ளக்இன் ஃபைலை பிஎச்பி வழியா ஊத்தும். செல்போன்ல 2 எம்பிபிஎஸ் வேகத்துல 12 எம்பி இறங்க 48 செகண்ட், அவ்ளோ நேரமும் ஒரு பிஎச்பி அந்த ஒருத்தருக்கே பிடிச்சுக்கிட்டு நிக்கும். 20 பேர் உள்ள, மத்தவங்க வெளிய. மணிக்கு 1,500 பேரைத் தாண்டாது. நீங்க 1 ஜிபிபிஎஸ் எடுத்து அதே ப்ளக்இனைப் போட்டா லைன் காலியா கிடக்கும், க்யூ அப்படியேதான் இருக்கும்.

சிபேனல்ல (ஹோஸ்டிங்கோட கன்ட்ரோல் பக்கம்) ரிசோர்ஸ் யூசேஜ்னு ஒரு பக்கம் இருக்கும், அந்த நாள் கிராஃபைப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் அந்த பிடிஎஃப் ஏன் 12 எம்பி? கையால எழுதினதை போன்ல ஸ்கேன் பண்ணதா?

திண்டுக்கல்_கோச்:
அக்கா நீங்க சொன்னது அப்படியே! சிபியு கோடு பாதி கூட ஏறல, என்ட்ரி ப்ராசஸ் மட்டும் 20ல போய் ஸ்கேல் வச்சு இழுத்த மாதிரி நேரா ரெண்டு மணி நேரம் நிக்குது. டவுன்லோட் லிங்க்லயும் பிடிஎஃப் பேரே இல்ல, கேள்விக்குறி போட்டு ஒரு நம்பர்தான் இருக்கு, இத்தனை நாள் அதைப் பாத்தும் எனக்கு ஒண்ணும் தோணல. ஆமா போன் ஸ்கேன்தான், கலர்ல, ஓரத்துல மேஜை விரிப்புல இருக்கிற பூ கூட தெரியும்.

கமாண்ட்லைன்_அக்கா:
பூவை வெட்டுங்க முதல்ல 😂 கிரேஸ்கேல்ல ஸ்கேன் பண்ணி, பிடிஎஃப்பைச் சுருக்குற கோஸ்ட்ஸ்கிரிப்ட் சாஃப்ட்வேர்ல ஈபுக் செட்டிங், அது படத்தை 150 டிபிஐக்குக் குறைக்கும், படிக்க நல்லாவே இருக்கும். ப்ளக்இனைத் தூக்கிட்டு நேரடி லிங்க். சைட்டுக்கு முன்னாடி கிளவுட்ஃப்ளேர் ஃப்ரீ பிளான், பிடிஎஃப்பை அது வழக்கமாவே கேஷ் பண்ணும், அதாவது ஒரு காப்பி வச்சுக்கிட்டு அதுவே குடுக்கும், சென்னையிலயே அவங்க சென்டர் இருக்கு.

நைட்ஷிஃப்ட்_அட்மின்:
508ஐ நான் கோட்டை விட்டுட்டேன், அக்கா சொல்றதுதான் சரி. ஃபைல் 1.5 எம்பி ஆனா அதே நாப்பதாயிரம் பேருக்கு 60 ஜிபி, சராசரி 67 எம்பிபிஎஸ், அதுலயும் முக்கால்வாசி கேஷ்லயே போயிடும். டெடிகேட்டட் வேணாம் சார், ஒரு சின்ன விபிஎஸ் (பெரிய மெஷின்ல உங்களுக்குன்னு ஒதுக்கின ஒரு பங்கு) போதும். எங்க எடுத்தாலும் பேக்கப்பை மட்டும் வேற ஊர்ல வைங்க. 2021 மார்ச் 10ல பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச்ங்கிற ஹோஸ்டிங் கம்பெனி டேட்டா சென்டர்ல தீப்பிடிச்சு ஒரு கட்டடமே போச்சு, பேக்கப்பையும் அதே வளாகத்துல வச்சிருந்தவங்க தலையில கைவச்சு உக்காந்தாங்க.

திண்டுக்கல்_கோச்:
அப்டேட். 12.4 எம்பி இருந்தது 1.6 ஆச்சு, என் கையெழுத்துதான் முன்ன மாதிரியே கேவலம். ப்ளக்இன் போச்சு, கிளவுட்ஃப்ளேர் போட்டாச்சு. நேத்து மாதிரித் தேர்வு விடை ஏத்தி நானே அந்த டெலிகிராம் சேனல்ல போடச் சொன்னேன், என்ட்ரி ப்ராசஸ் 4ஐத் தாண்டல. ரெண்டு கொட்டேஷன்காரங்களுக்கும் வேணாம்னு சொல்லிட்டேன், ஒருத்தர் இன்னும் தினம் போன் பண்றாரு. ஒரே குறை, டவுன்லோட் கவுன்டர் போயிருச்சு, எத்தனை பேர் எடுத்தாங்கன்னு பேனர்ல போட முடியலன்னு பார்ட்னர் புலம்புறாரு.

கமாண்ட்லைன்_அக்கா:
கூகுள் அனலிட்டிக்ஸ் 4 (சைட்டுக்கு வர்றவங்களை எண்ணுற கருவி) போட்டிருந்தா ஃபைல் டவுன்லோடுன்னு ஈவென்ட்டை அதுவே எண்ணும், என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் ஆன்ல இருக்கான்னு மட்டும் பாருங்க. டெலிகிராம்ல இருந்து நேரா பிடிஎஃப் லிங்க்கைத் தட்டினவங்க அதுல வரமாட்டாங்க, அதனால சேனல்ல பக்கத்தோட லிங்க்கைக் குடுங்க.